கீழ்வீட்டுக் குழி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய ஒற்றைத்தட்டு வீடுகள் பலவற்றில், பக்கவாசலால் இறங்கிப் போனால் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் நிற்கிற ஒரு சின்ன அறை வரும். அதன் மூலையில், கொங்கிறீற் தரையில், வட்டமான பிளாஸ்ரிக் மூடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் ஒன்றரை அடி அகலமும் இரண்டரை அடி ஆழமுமான குழி. குழியின் அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். அதற்குள் அமர்ந்திருக்கிறது ஒரு மோட்டார். பக்கத்தில் ஒரு மிதவை. மோட்டாரிலிருந்து மேலேறி, சுவரைத் துளைத்து வெளியே போகிறது ஒன்றரை அங்குல வெள்ளைக் குழாய். இதுதான் சம்ப் பம்ப். சில நூறு டொலருக்குக் கடையில் கிடைக்கும். அடுப்பைப் பற்றியும் குளிர்பெட்டியைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் இந்த யந்திரத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதன் சொந்தக்காரர் மேலே படுக்கிறார். அது பழுதானால் நனைகிற படுக்கை கீழே இருக்கிறது. வாங்குவதும் திருத்துவதும் ஒருவர், விளைவை அனுபவிப்பது இன்னொருவர். நான் கீழேயும் குடியிருந்தவன், இப்போது மேலே இருப்பவன். இரண்டு தட்டுகளிலும் படுத்து எழும்பிய பிறகு, ஒரு வீட்டில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க இந்தக் குழியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இலங்கையில், ஊரில் நாங்கள் நிலத்துக்குள் வெட்டியது கிணறுதான். நிலத்துக்குள் யாரும் குடியிருக்கவில்லை. கனடாவில் வீடு மண்ணுக்குள் இறங்கியதற்குக் குளிரே காரணம். மண்ணிலுள்ள ஈரம் உறையும்போது வீங்குகிறது. வீங்குகிற மண் தன் மேல் நிற்கிற சுவரைத் தூக்கி வெடிக்க வைத்துவிடும். தெற்கு ஒன்ராறியோவில் உறைவு இறங்கும் ஆழத்தைக் கிட்டத்தட்ட 1.2 மீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். அத்திவாரம் அதற்கும் கீழே போயாகவேண்டும். எப்படியும் நாலடி தோண்டியாயிற்று; இன்னும் நாலடி தோண்டினால் முழுத் தட்டு ஒன்று கிடைக்கும். அப்படிக் கிடைத்த தட்டு முதலில் நிலக்கரிக்கும் ஃபேர்னஸுக்கும் இடமானது, பிறகு பிள்ளைகளின் விளையாட்டறையானது, கடைசியில் மனிதர் வாடகைக்குக் குடியிருக்கும் வீடானது.

தோண்டிய மண்ணின் இயல்பையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவின் பெரும்பகுதியில் இருப்பது பனியாறுகள் விட்டுச்சென்ற இறுகிய களிமண். அதற்குள் தண்ணீர் மெல்லத்தான் இறங்கும். வீடு கட்டும்போது தேவைக்கு அதிகமாக அகலத் தோண்டி, அத்திவாரச் சுவர் எழுந்த பிறகு சுற்றியுள்ள இடைவெளியை உதிரி மண்ணால் நிரப்புகிறார்கள். அந்த மண் எத்தனை வருடமானாலும் பழைய மண்ணைப்போல இறுகுவதில்லை. ஆகவே மழைநீர் வளவின் மற்ற இடங்களில் தயங்கி நின்றாலும் வீட்டைச் சுற்றிச் சுலபமாக இறங்கிவிடுகிறது. பெரிய மண்பானைக்குள் மணலைப் போட்டு அதன் நடுவே சின்னப் பானையை வைத்தமாதிரித்தான் எங்கள் வீடுகள் நிற்கின்றன. மழை பெய்தால் முதலில் ஈரமாவது அந்த இடைமணல்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு வழிவிடத்தான் அத்திவாரத்தின் அடியைச் சுற்றி வீப்பிங் டைல் என்கிற குழாயைப் பதிக்கிறார்கள். பழைய வீடுகளில் அது ஓரடி நீளச் சுட்டமண் குழாய்த் துண்டுகளைச் சின்ன இடைவெளிவிட்டு அடுக்கியது. இப்போது துளையிட்ட நெளி பிளாஸ்ரிக் குழாய், மேலே சல்லிக்கல். தண்ணீர் இடைவெளிகளால் உள்ளே நுழைந்து, தாழ்ந்த பக்கம் நோக்கி ஓடுகிறது. பிறகு எங்கே போகிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேறுபாடு. சில வீடுகளில் தெருவின் மழைநீர்க் குழாய்க்கு. பல பழைய வீடுகளில் நேரே கழிவுநீர்க் குழாய்க்கு. மற்ற வீடுகளில் ஃபேர்னஸ் அறையின் மூலையிலுள்ள இந்தக் குழிக்கு. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே எந்தக் குழியை வெட்டினாலும் தண்ணீர் அந்த மட்டம்வரை ஏறும். கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரியில் கிணறு பொங்குகிற அதே விதிதான் இங்கே பங்குனியில், உறைந்த நிலத்தின்மேல் பனி உருகும்போது, வீட்டுக்குள்ளே வேலைசெய்கிறது.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம் முதலில் சென்ற் ஜேம்ஸ் ரவுண் போன்ற இடங்களின் உயர்மாடிகளில் நெருக்கியடித்து இருந்தது. பிறகு ஸ்காபரோவுக்கு நகர்ந்தது. பக்கவாசலுள்ள ஒற்றைத்தட்டு வீடுகள் அதற்குத் தோதாக அமைந்தன. மேலே இருப்பவர் மோட்கேஜ் கட்டக் கீழே இருப்பவரின் வாடகை உதவியது. கீழே இருப்பவர் காசு சேர்த்துத் தானும் ஒரு வீடு வாங்கி, அதன் கீழ்த்தட்டை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தார். ஒரு சமூகம் இந்த நகரத்தில் காலூன்றிய வரலாற்றில், பேஸ்மென்ற் என்கிற இந்த நிலக்கீழ்த் தட்டுக்குப் பெரிய இடம் இருக்கிறது. பிளேன் ரிக்கற் கடனை அடைத்ததும், தங்கச்சியைக் கூப்பிட்டதும், முதற் பிள்ளையைத் தொட்டிலில் வளர்த்தியதும் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழேதான். அந்த வாழ்க்கை முழுவதும் ஒரு மிதவை ஏறி இறங்குவதில் தங்கியிருந்தது என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

மிதவையின் வேலை எளிமையானது. குழியில் தண்ணீர் ஏற மிதவையும் ஏறும். குறித்த உயரம் வந்ததும் சுவிச் விழும். மோட்டார் சுழன்று தண்ணீரைக் குழாயில் தள்ளும். தண்ணீர் இறங்க மிதவையும் இறங்கி மோட்டாரை நிறுத்தும். மிதவையின் ஏற்ற இறக்கம் இருபத்தைந்து சென்ரிமீற்றர் என்றால், ஒன்றரை அடி அகலக் குழியில் ஒவ்வொரு முறையும் வெளியேறுவது கிட்டத்தட்ட 40 லிற்றர். குழாயின் நடுவே செக் வால்வு ஒன்று உண்டு. மோட்டார் நின்றதும், ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பக் குழிக்குள் விழாமல் அது தடுக்கும். அது இல்லாவிட்டால் மோட்டார் வெளியேற்றிய தண்ணீரில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவையும் திரும்பிவரும். யந்திரம் சும்மா சும்மா எழும்பி நின்று சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இவ்வளவு எளிமையான யந்திரம் எப்படியெல்லாம் தவறும் என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு தமிழ்ப் பிளம்பர், என்னைவிட இளையவர். எங்கள் வீட்டுக் குழியில் மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. அவர் மூடியைத் திறந்து சற்று நேரம் காதுகொடுத்தார்.

"அண்ணை, முதல் பிளக்கைக் கழட்டுங்கோ. கரண்டோடை குழிக்குள்ளை கைவைக்கப்படாது."

கழற்றினேன்.

"சத்தம் வருது, தண்ணி ஏறேல்லை எண்டால் ரெண்டிலை ஒண்டு. கல்லுப் பிடிச்சிருக்கும். இல்லாட்டிக் காத்து அடைச்சிருக்கும். பாப்பம்."

மோட்டாரை வெளியே தூக்கிக் கவிழ்த்து, அடித்தட்டின் ஆணிகளைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தின் இதழுக்கும் சுவருக்கும் இடையில் பட்டாணியளவு சல்லி ஒன்று சிக்கியிருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, குழாயைத் திருப்பிக் காட்டினார். செக் வால்வுக்குக் கீழே தீக்குச்சி நுழையும் அளவில் ஒரு துளை. மோட்டாருக்குள் காற்று அகப்பட்டுக்கொண்டால் அந்த வழியால் வெளியேறவேண்டும். அது செம்மஞ்சள் நிறச் சளியால் மூடியிருந்தது. நிலத்தடி நீரிலுள்ள இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்வது அந்தச் சளி. சில வீடுகளில் வீப்பிங் டைலையே அடைத்துவிடும் என்றார். ஒரு கம்பியால் துளையைக் குத்தித் துப்புரவாக்கினார்.

மோட்டாரைத் திரும்ப இறக்கும்போதுதான் அவர் அதிக நேரம் எடுத்தார். மிதவையைக் கையால் ஏற்றி இறக்கி, எந்தக் கோணத்திலும் அது குழியின் சுவரில் தட்டுப்படாதபடி மோட்டாரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "கனக்க மோட்டர் பழுதாகிறதில்லை அண்ணை. மிதவை சுவரிலை கொழுவி நிண்டிடும். மோட்டர் நல்லாத்தான் இருக்கும், வீடு நனைஞ்சிடும்." பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாலாவது வாளியோடு மிதவை எழுந்தது, மோட்டார் பிடித்தது, வெளியே புல்தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் யன்னலால் கேட்டது.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார்: "கீழை இருக்கிற ஆக்களிட்டை இந்த அறையின்ரை திறப்பு இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"கன வீடுகளிலை இல்லை அண்ணை. ராவிலை சத்தம் மாறினது கேட்டாலும் அவையளாலை உள்ளுக்குப் போகேலாது."

யந்திரத்தைத் திருத்த வந்தவர் யந்திரத்தைச் சுற்றியுள்ள மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்திலிருந்து இந்தக் குழியை வெறும் குழாய்வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை.

குழியைக் கவனிக்கிறவர் முதலில் கூரையைக் கவனிக்கவேண்டும். 2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமானநிலையத்தில் பதிவான மழை 97.8 மில்லிமீற்றர். நூறு சதுர மீற்றர் கூரையில் அவ்வளவு மழை விழுந்தால் 9,780 லிற்றர் தண்ணீர். கூரைத் தண்ணீரை இறக்கும் பீலிக் குழாய் சுவரடியிலேயே முடிந்தால், அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு உதிரி மண்ணால் இறங்கி, வீப்பிங் டைலில் ஓடிக் குழிக்கு வரும். நாற்பது லிற்றராக அதை வெளியேற்ற மோட்டார் இருநூறு தடவைக்கு மேல் எழும்பவேண்டும். பீலிக் குழாயை ஆறடி தள்ளி நீட்டிவிட்டாலே இதில் பெரும்பகுதி குறைந்துவிடும். சுவரை நோக்கிச் சரிந்த மண்ணை நிரவி, வளவை நோக்கிச் சரியும்படி செய்தால் இன்னும் குறையும். முன்பு பீலிகளை நேரே தெருக்குழாயோடு இணைத்திருந்தார்கள். ரொறன்ரோ நகரசபை 2011 தொடக்கம் கட்டம் கட்டமாக அந்த இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, 2016க்குள் அதை நகரம் முழுவதற்கும் விதியாக்கியது. துண்டித்தவர்கள் பலர் குழாயின் வாயை எங்கே திருப்புவது என்று யோசிக்கவில்லை. தெருக்குழாய்க்குப் போன தண்ணீர் கீழ்வீட்டாரின் சுவருக்குத் திரும்பியது.

பம்பின் தண்ணீரை வெளியேற்றும் குழாயின் வாயும் அப்படித்தான். சுவரோரமாகக் கொட்டினால் அதே தண்ணீர் திரும்ப இறங்கி அதே குழிக்கு வரும். மோட்டார் ஒரே தண்ணீரை இராமுழுக்கச் சுமக்கும். நடைபாதைக்கு விட்டால் மாரியில் பனிக்கட்டியாகி யாரோ ஒருவர் சறுக்கி விழுவார். பக்கத்து வளவுக்கு விட்டால் அது அவருடைய குழிக்குப் போகும். குழாயின் வாய் உறைந்து அடைத்துக்கொண்டால், வெளியேற வழியில்லாத தண்ணீரைத் தள்ளித் தள்ளி மோட்டாரே எரிந்துபோகும். இறைக்கிற தண்ணீர் எங்கேயோ போய்த்தான் ஆகவேண்டும். அது யாருடைய சுவரைத் தொடுகிறது என்று பார்ப்பதும் இறைப்பவரின் வேலை.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், பெருமழையன்று மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும். 2013 ஜூலை 8 மாலை பியர்சனில் 126 மில்லிமீற்றர் கொட்டியது. 1954 ஒக்ரோபரில் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்ட ஹேசல் சூறாவளியின் ஒருநாள் மழையையும் அது தாண்டியது. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோ என்கிற புறநகர் ரயில் ஒன்று வெள்ளத்துக்குள் நின்றுபோக, சுமார் 1,400 பயணிகள் அதற்குள் அகப்பட்டார்கள். அன்றிரவு நகரில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் இருண்டன. 2024 மழையன்றும் ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மின் நிலையங்களுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததுதான் காரணம். பம்ப் எந்த மணித்தியாலத்தில் மிக அவசியமோ, அந்த மணித்தியாலத்தில்தான் அதற்குக் கரண்ட் இல்லாமற்போகும் வாய்ப்பும் மிக அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது சதுர மீற்றர் பேஸ்மென்றில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க 700 லிற்றர் வேண்டும். நிமிடத்துக்கு 40 லிற்றர் குழிக்கு வந்துகொண்டிருந்தால், குழி நிரம்பி வழியத் தொடங்கிய பின் பதினெட்டு நிமிடத்தில் தரை முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் ஏறிவிடும். கம்பளம் போட்ட தரையில் பாயும் மெத்தையும் நனைய அது போதும். கட்டிலுக்கடியில் வைத்த பெட்டியும் நனையும். அகதியாக வந்தவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்: பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், வழக்குக் கடதாசிகள், திரும்ப எடுக்கமுடியாத படங்கள். வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்கானது; குடியிருப்பவரின் பொருள்களுக்கு அவரே தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். கழிவுநீர் திரும்பிவருவதற்கான பாதுகாப்பைப் பெரும்பாலும் மேலதிகமாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். புதிதாக வந்த ஒருவருக்கு இதை யார் சொல்வது? பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஒன்றைக் குழியில் பொருத்தினால், சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கலாம். முதற் பம்ப் பழுதானாலும் அது கைகொடுக்கும்.

இன்னொரு வழியாலும் தண்ணீர் வரும். அது நிலத்தடி நீரைவிடக் கொடியது. பெருமழையில் தெருக்குழாய் நிரம்பி அழுத்தம் ஏறினால், கழிவுநீர் வீட்டை நோக்கித் திரும்பும். வீட்டில் எந்தத் துவாரம் மிகத் தாழ்ந்ததோ அதன் வழியாக வெளியே வரும்: பேஸ்மென்றின் தரைவடிகால், குளியலிடம், கழிப்பறை. இதைத் தடுக்கத்தான் பாக்வோட்டர் வால்வு. வீட்டின் கழிவுக்குழாயில், தரைக்குக் கீழே, ஒரு மடல். வெளியே போகும் தண்ணீருக்குத் திறந்திருக்கும். தண்ணீர் எதிர்த்து வந்தால் எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும்.

அடைத்துக்கொண்டபின் என்ன நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தெருவிலிருந்து எதுவும் வராது. வீட்டிலிருந்தும் எதுவும் போகாது. அந்த நேரத்தில் மேலே ஒருவர் குளித்தால், உடுப்புத் தோய்க்கும் மெசினைப் போட்டால், கழிப்பறையில் தண்ணீர் இழுத்தால், அந்தத் தண்ணீர் மூடிய மடலில் முட்டி நின்று, கீழ்வீட்டின் தரைவடிகாலால் மேலே வரும். வெளியே வெள்ளம் தடுக்கப்பட்டிருக்கும். மேல்வீட்டின் அழுக்குத் தண்ணீர் கீழ்வீட்டில் நிற்கும். வீப்பிங் டைலும் அதே குழாயில் மடலுக்கு உட்புறமாக இணைந்திருந்தால் நிலத்தடி நீரும் சேர்ந்து வரும். அதனால்தான் வால்வு பூட்டுகிறவர்கள் வீப்பிங் டைலைக் கழிவுக்குழாயிலிருந்து துண்டித்து, சம்ப் பம்புக்குத் திருப்பவேண்டியிருக்கிறது. நகரசபையின் வெள்ளத்தடுப்பு மானியம் இந்த மூன்று வேலைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பல வருடங்களாக ஒரு வீட்டுக்கு அதன் உச்சம் 3,400 டொலராக இருந்தது, அதில் பம்புக்கு 1,750 டொலர்வரை. அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கக்கூடியவர் பதிவுசெய்த வீட்டுச் சொந்தக்காரர்தான். வடிகாலுக்குப் பக்கத்தில் படுக்கிறவரால் விண்ணப்பிக்க முடியாது.

பெருமழையன்று மேலே இருப்பவர் குளிப்பதைத் தள்ளிப்போடவேண்டும் என்பதை நான் ஒரு பெரிய அறமாகவே நினைக்கிறேன். அதற்குப் பணம் தேவையில்லை, பிளம்பர் தேவையில்லை. தன் வீட்டுக் குழாய் எந்த வழியாகப் போகிறது, அது யாருடைய தரையைத் தொட்டுப் போகிறது என்ற அறிவு மட்டும் தேவை.

கீழே இருப்பவரைத் தண்ணீரிலிருந்து காக்கிற இந்தப் பிரச்சினை, நிலத்துக்குள் குழி தோண்டியவர்களுக்குப் புதியதல்ல. 1712இல் இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகே தோமஸ் நியூக்கொமன் நிறுவிய நீராவி யந்திரம் செய்தது ஒரேயொரு வேலை: நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைப்பது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு தரம், தரத்துக்குப் பத்துக் கலன். அதாவது ஒரு தரத்துக்கு 45 லிற்றர், கிட்டத்தட்ட எங்கள் வீட்டுக் குழி ஒருமுறை வெளியேற்றும் அளவுதான். தொழிற்புரட்சியின் முதல் நீராவி யந்திரங்கள் குழியடியில் வேலைசெய்தவர்களைத் தண்ணீரிலிருந்து காக்க வந்தவை. அவை நின்றது மேலே, உடைமை முதலாளிக்கு, உயிர் கீழே நின்றவனுக்கு.

அந்த ஏற்பாடு எப்படி முறிந்தது என்பதற்கு ஹார்ட்லி சுரங்கம் சாட்சி. 1862 ஜனவரி 16 அன்று, நோதம்பர்லாந்திலுள்ள அந்தச் சுரங்கத்தின் நீரிறைக்கும் யந்திரத்தின் பாரிய இரும்பு உத்திரம் முறிந்து, சுரங்கத்தின் ஒரே வாயிலுக்குள் விழுந்தது. கீழே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் இறந்தார்கள். அவர்களைக் காப்பதற்காக வைத்த யந்திரமே அவர்களின் வழியை மூடியது. அதே ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம், சுரங்கங்களுக்கு இரண்டு வாயில்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. யந்திரம் தவறினாலும் மனிதன் வெளியே வரவேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் பொருள்.

அந்தப் பாடத்தை நாங்கள் முழுதாகப் படிக்கவில்லை. 2021 செப்ரெம்பர் 1 இரவு ஐடா சூறாவளியின் எச்சம் நியூயோர்க்கை அடித்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணித்தியாலத்தில் 3.15 அங்குலம், அதாவது 80 மில்லிமீற்றர் மழை. நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலக்கீழ் வீடுகளில் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குவீன்ஸ் பகுதியில். குவீன்ஸும் ஸ்காபரோவைப்போலத்தான், புதிதாக வந்தவர்கள் முதலில் கால்வைக்கிற இடம். தெருவே ஆறாகிப் படிகளால் இறங்கும்போது எந்தச் சம்ப் பம்பும் ஈடுகொடுக்காது. நிமிடத்துக்கு நூறு லிற்றர் இறைப்பது சுவரின் கசிவுக்குத்தான் போதும், வாசலால் வரும் வெள்ளத்துக்குப் போதாது. அந்த இரவில் உயிர்காக்கக்கூடியது இரண்டாவது வழி ஒன்றுதான். ஒன்ராறியோவின் கட்டட விதி படுக்கையறையுள்ள தளத்துக்கு, ஆள் வெளியேறக்கூடிய யன்னல் ஒன்றைக் கேட்கிறது: திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தீயை நினைத்து எழுதிய விதி அது. தண்ணீருக்கும் அதுவே பொருந்தும். யன்னலுக்கு முன்னால் அலுமாரியை வைக்காதிருப்பதும், கள்ளருக்குப் பயந்து கம்பி அடிக்காதிருப்பதும் வீட்டுக்காரர் நினைத்தால் முடிகிற காரியம்.

இதை ஒருவரின் நினைப்புக்கு விடாதவர்களும் உண்டு. ஒல்லாந்தர் கடல்மட்டத்துக்குக் கீழே ஊர்கள் கட்டினார்கள். தண்ணீரை வடியவிடுவதற்கும் அணையைப் பேணுவதற்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நீர்ச்சபைகளை அமைத்தார்கள். அவை இன்றும் இயங்குகின்றன. தாழ்நிலத்தில் ஒருவரின் அசட்டை எல்லோருடைய வயலையும் மூழ்கடிக்கும் என்பதால், அதைத் தனியாருடைய மனப்போக்குக்கு விட்டுவைக்க அவர்களால் முடியவில்லை. ஸ்காபரோவின் வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அப்படியொரு சபை இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் புகைபிடிப்பதும் நாய் வளர்ப்பதும் கார் நிறுத்துவதும் எழுதியிருக்கும். குழியைப் பற்றி எழுதியிருப்பது அரிது.

எழுதவேண்டும் என்கிறேன். பம்ப் எங்கே இருக்கிறது, அது எத்தனை வருடம் பழையது, எந்தச் சுவிச்சில் ஓடுகிறது என்று எழுதவேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றவேண்டும். பம்பின் பிளக்கை நீட்டுவயரில் கொழுவக்கூடாது. ஃபேர்னஸ் அறையின் திறப்பு கீழே இருப்பவரிடம் இருக்கவேண்டும். குழி நிரம்பினால் கத்துகிற எச்சரிக்கைக் கருவி ஒன்று பொருத்தி, அதன் சத்தம் இரண்டு தட்டுக்கும் கேட்கச் செய்யவேண்டும். பாக்வோட்டர் வால்வு இருந்தால், மழையன்று மேலே தண்ணீர் பாவிப்பதை நிறுத்துவோம் என்று ஒரு வரி இருக்கவேண்டும். இவற்றில் எதுவும் கருணையால் செய்கிற உதவி அல்ல. மாதம் முதலாம் திகதி வாங்குகிற வாடகைக்குள் இவை அடங்கியிருக்கின்றன. உலர்ந்த தரையைத்தான் நாங்கள் விற்கிறோம்.

இன்று எங்கள் பேஸ்மென்றுகளில் இருப்பவர்கள் எங்கள் ஆட்கள் மட்டுமில்லை. பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மாணவர்கள் இருக்கிறார்கள். வேறு போர்களிலிருந்து தப்பி வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களில் பலர் வாழ்க்கையில் இதற்குமுன் நிலத்துக்குக் கீழே தூங்கியதில்லை. அந்தக் குழி என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கீழேயிருந்து மேலே வந்த ஒரு சமூகத்துக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்ததனால் வருகிற பொறுப்பும் எங்களுடையதுதான்.

பங்குனியில் பனி உருகத் தொடங்குமுன் ஒருநாள் கீழே இறங்குங்கள். குடியிருப்பவரையும் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து, மிதவை தடையின்றி ஏறுகிறதா என்று அவருக்கும் காட்டி, நாலு வாளி தண்ணீர் ஊற்றி, வெளியே போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். அரைமணித்தியாலம் போதும். அந்த வாளியை யார் தூக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: வாடகை வாங்குகிறவர்தான் தூக்கவேண்டும்.